வலப்பக்கத்துத் தகடு

அடுப்புப் பட்டறை முதலாளி கரூகாவுக்குக் குற்றவாளி யார் என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. அதை நிரூபிப்பதற்கு மட்டுமே அவருக்குத் துப்பறிவாளர் ஒருவர் தேவைப்பட்டார். அதுவும் மாலை நான்கு மணிக்குள்.

"நாலு மணிக்கு நாட்டுல உள்ள அத்தனை டீலரும் கீழ ஹால்ல உக்காந்திருப்பாங்க," என்றார் அவர். "அவங்க முன்னாடி கெருபோ பேரைச் சொல்லி, இவதான் நம்ம அடுப்பை வித்தான்னு சொல்லி, வெளிய அனுப்பப்போறேன். நீங்க பக்கத்துல நின்னு தலையாட்டினாப் போதும்."

"தலையாட்டறதுக்கு எங்க ரேட் கம்மி சார்," என்றான் ஒகூமு. "கண்டுபிடிக்கணும்னாதான் கொஞ்சம் கூட ஆகும்."

முதேயு அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிரித்துப் பிரித்துச் சலித்தபின் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்த பெண்மணி அவர். உதவியாளனின் பேச்சை நைரோபியின் தூறலைப் போலச் சகித்துக்கொள்ளப் பழகியிருந்தார். தன் வாயால் போன வாடிக்கையாளர்களைவிட வந்த வாடிக்கையாளர்களே அதிகம் என்பது ஒகூமுவின் நம்பிக்கை. அதை அவர் ஒருநாளும் எண்ணிப் பார்க்காமலிருந்ததே அவன் வேலைக்குப் பாதுகாப்பு.

விவகாரம் இதுதான். இந்த நகரத்தில் கரி அடுப்பு என்றால் எல்லாமே ஒரே அச்சு: இடை சிறுத்த தகரக் கூடு, உள்ளே சுட்ட மண், வெளியே மூலைக்கடைப் பெயிண்ட். எவர் செய்ததென்று செய்தவருக்கே தெரியாது. ஆகையால் கடைக்காரர்கள் கேட்பதும் ஒரே கேள்வி: 'அவன் கொடுக்கிற விலைக்குக் கொடுப்பியா?' அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி இளைத்துப்போன கரூகா, கடைசியில் பொருள் வடிவமைப்புப் படித்த கெருபோ என்ற இளம்பெண்ணை வேலைக்கு வைத்தார். அவளோ வந்த உடனே படம் வரையவில்லை. மாதக்கணக்கில் ஊரார் அடுப்படிகளில் உட்கார்ந்து, உகாலி என்ற சோளமாவுக் களி கிண்டுவதை வேடிக்கை பார்த்தாள். மாவு இறுக இறுக, துடுப்போடு சேர்ந்து, கைப்பிடி இல்லாத அலுமினியப் பாத்திரமும் சுற்றும். ஒரு கை கிண்ட, மறு கை துணியைப் பிடித்துக்கொண்டு பாத்திரத்தோடு மல்லுக்கட்டும். அந்த மறு கையை விடுவிக்க, பாத்திரத்தின் எடையாலேயே உள்நோக்கிச் சாய்ந்து அதைக் கவ்விக்கொள்ளும் மூன்று கொக்கிகளை அவள் அடுப்பின் வாயில் வைத்தாள். 'துலியா' என்று பெயரிட்டார்கள்; அசையாமல் இரு என்று பொருள். ஓர் அடுப்பைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் காலம் வந்துவிட்டதாகக் கரூகா கனவு கண்டார்.

அது பொருட்காட்சிக்குப் போவதற்கு முன்பே, 'டூமா' நிறுவனம் அதே மூன்று கொக்கிகளோடு ஓர் அடுப்பைக் கடையில் இறக்கிவிட்டது. பெயர், 'ஷிக்கா'.

"பிடின்னு அர்த்தம்," என்றார் கரூகா கசப்போடு. "நாங்க அசையாம இருன்னு சொன்னா அவன் பிடிங்கறான். பேர்லகூட நக்கல்."

"டூமாவோட முதலாளி யாரு?" என்று கேட்டார் முதேயு.

"கதோகோன்னு ஒருத்தன். மூஞ்சியைப் பார்த்ததில்ல. இத்தனை வருஷமா அவன் விலையைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

"கெருபோமேல என்ன சந்தேகம்?"

"சந்தேகமா? படம் மொத்தம் ரெண்டே இடத்துல இருக்கு. ஒண்ணு அவ கம்ப்யூட்டர்ல. இன்னொண்ணு இந்தப் பெட்டகத்துல, சாவி என் இடுப்புல." அவர் பெட்டகத்தைத் திறந்து, சுருட்டிய படத்தை விரித்துக் காட்டினார். "அதோட, டூமா அடுப்பு விக்கற கடையில அவ டீ குடிச்சதைப் பார்த்த ஆளு இருக்கான்."

"அதுக்கெல்லாம் உள்ள தள்ளணும்னா ஊரையே காலி பண்ணணும் சார்," என்றான் ஒகூமு.

முதேயு படத்தை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை நிதானமாகப் படித்தார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ஷிக்கா ஒண்ணு வாங்கணும்."

"எதுக்கு? அதான் அதே அடுப்புங்கறேனே."

"அதே அடுப்புதானான்னு பார்க்கறதுக்கு."

*

தகரப் பட்டறைகளும் கடைகளும் நெருங்கிய கமுக்குஞ்சியில் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். தகரத்தைச் சுத்தியல் அடிக்காத இடைவெளி அங்கே கிடையாது. ஒகூமு விலை பேசுவதாகச் சொல்லி முன்னால் சென்று, கடைக்காரியிடம் தன் சட்டையின் நிறத்தைப் பற்றி விமரிசனம் வாங்கிக்கொண்டு, அவள் சொன்ன விலைக்கே அடுப்பை வாங்கி வந்தான்.

முதேயு அதைத் தரையில் வைத்துச் சுற்றி வந்தார். வலப்பக்கத்தில், தரையிலிருந்து சற்றே மேலே, உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு வெளியே நீட்டி ஆணியடிக்கப்பட்டிருந்தது.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டார் கடைக்காரியிடம்.

"அதுவா? காத்துத் தடுப்பு. நெருப்பு அணையாது."

அடுத்த கடைக்காரர் அது சாம்பல் கரண்டி வைப்பதற்கு என்றார். அதற்கடுத்தவர், புது மாடலில் அப்படித்தான் வரும் என்று சொல்லிவிட்டு, கேள்வி கேட்டதற்காக வருத்தப்படுபவரைப் போல அவர்களைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு கடை தள்ளிப் போனா அதுல ரேடியோ எடுக்கும்னு சொல்லுவாங்க மேடம்," என்றான் ஒகூமு.

"கரூகா காட்டின படத்துல இது இல்ல."

"அப்ப டூமாக்காரன் சொந்தமா யோசிச்சு வெச்சிருக்கான்."

"சொந்தமா யோசிச்சிருந்தா எதுக்குன்னு விக்கறவங்ககிட்டச் சொல்லியிருப்பான். விளம்பரத்துல முதல்ல அதைத்தான் போட்டிருப்பான். இது எதுக்குன்னு அவனுக்கே தெரியல."

ஒகூமு சிறிது யோசித்தான். அவன் பள்ளிக்கால அனுபவம் துணைக்கு வந்தது. "பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்த்து எழுதறப்ப, அவன் பேரையும் சேர்த்து எழுதிட்ட மாதிரியா?"

"நீ எழுதியிருக்கியா?"

"ஒரே ஒரு தடவை மேடம். அவன் பாஸாயிட்டான்."

"அது யார் பேருன்னு தெரிஞ்சா போதும்," என்றார் முதேயு. "அடுப்பைத் தூக்கு."

*

கெருபோவைப் படம் வரையும் அறைக்குள் விட வேண்டாமென்று காலையிலேயே உத்தரவு. ஆகவே அவள் பட்டறையின் பின்புறத்தில் கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து, சுட்ட சோளத்தை ஒவ்வொரு மணியாக உதிர்த்துத் தின்றுகொண்டிருந்தாள். துக்கம் காப்பதற்குத் தேவையான அமைதி அவளிடம் இருந்தது. துக்கத்தைத்தான் காணோம். கோபம் இருந்தது.

"தலையாட்ட வந்தவங்க நீங்கதானா?" என்றாள்.

"இன்னும் ஆட்டல," என்றான் ஒகூமு. "கழுத்து சுளுக்கு."

முதேயு ஷிக்காவை அவள் எதிரே வைத்தார். கெருபோ கொக்கிகளைப் பார்க்கவே இல்லை. நேராக வலப்பக்கத்துத் தகட்டுக்குக் கையைக் கொண்டுபோய், கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு தொடங்கிப் பாதியில் நின்றது.

"இது படத்துல கிடையாது," என்றாள் மெதுவாக. "நான் படத்தை வித்திருந்தா, படத்துல இல்லாததை எப்படி விப்பேன்?"

"வேற எங்க இருந்தது?"

"புழங்கிப் பார்க்கறதுக்குன்னு மூணு அடுப்பு செஞ்சு மூணு வீட்டுக்குக் கொடுத்தோம். ஒவ்வொரு வீட்டுலயும் சமைக்கறவங்களுக்குத் தக்கபடி சில்லறை மாத்தம் செஞ்சேன். ஒரு வீட்டு அம்மா குட்டை ஸ்டூல்ல உக்காந்துதான் கிண்டுவாங்க. பாத்திரம் சுத்தாம இருக்க, வலது காலால அடுப்பை மிதிச்சுக்கறது பழக்கம். துலியாவுல அதுக்குத் தேவையே இல்ல. ஆனா அதைக் காலுக்கு யாரு சொல்றது? அடுப்பைப் பார்த்ததும் கால் தானாப் போயிரும். பெருவிரல் சுட்டுக்கிட்டாங்க. அதனால அந்த ஒரே ஒரு அடுப்புக்கு மட்டும் இந்தத் தகட்டை அடிச்சேன். கால் வைக்க."

ஒகூமு தகட்டைப் புது மரியாதையோடு பார்த்தான். கமுக்குஞ்சி முழுவதும் காற்றைத் தடுத்துக்கொண்டிருந்தது ஓர் அம்மாவின் பெருவிரல்.

"எந்த வீடு?" என்றார் முதேயு.

கெருபோ சோளத்தைக் கீழே வைத்தாள். "நான் சொன்னா, வேலை போற ஆத்திரத்துல பழி போடறான்னு சொல்லுவாங்க."

"யாரு சொல்லுவாங்க?"

"உங்களைக் கூட்டிட்டு வந்தவரு," என்றாள் அவள். "அது அவரு வீடு."

*

முரீதியின் அம்மா என்றே ஊர் அழைக்கும் திருமதி கரூகா, தலைமகன் பிறந்த நாளிலிருந்து வேறு பெயருக்குத் திரும்பிப் பார்ப்பதில்லை. கிகூயு நகரச் சாலையில் இருந்த அந்த வீட்டின் பின்கட்டில், குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து எதையோ கிண்டிக்கொண்டிருந்தார். அடுப்பு பழைய தினுசு. வலது கால் அதன்மேல் இருந்தது. ஒகூமு முதேயுவைப் பார்த்தான். முதேயு அவனைப் பார்க்க மறுத்தார்.

"முதல்ல டீயைக் குடிங்க," என்றார் அந்த அம்மா. "டீ குடிக்காமக் கேள்வி கேக்கறது போலீஸ்காரன்தான்."

குடித்தார்கள். பிறகு முதேயு கேட்டார்: "கெருபோ கொடுத்த புது அடுப்பு எங்கம்மா?"

"அதைத்தான் கட்டிக் கொடுத்துட்டோமே."

"அடுப்பையா?" என்றான் ஒகூமு.

"என் பையனுக்குப் பொண்ணு பேசி, சீர் கொண்டு போனோமில்ல தம்பி, அன்னைக்கு. சமைக்க ஆகுமேன்னு நான்தான் அடுப்பை வண்டியில ஏத்தினேன். பொண்ணு வீட்டுப் பொம்பளைங்க சும்மா விடுவாங்களா? வாசல்லயே மறிச்சுக்கிட்டு, அடுப்பு வியாபாரி வீட்டுலேர்ந்து வெறும் போர்வையோட வந்திருக்காங்களேன்னு பொண்ணோட அம்மா கேலி பண்ணிட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துருச்சு. வண்டியிலேர்ந்து அடுப்பைத் தூக்கிட்டு வந்து, மைக்கை வாங்கி, உலகத்துலயே இப்படி ஒண்ணு கிடையாது, இது சம்பந்தியம்மாவுக்குன்னு கொடுத்துட்டாரு. அவரு கையில மைக் இருந்தா எங்க வீட்டுல ஒரு சாமானும் நிலைக்காது."

"அங்க யாராவது அந்த அடுப்பை உத்துப் பார்த்தாங்களா?"

"பொண்ணோட தாய்மாமன். அதை விட்டு நகரவே இல்ல. கவுத்துப் பார்த்தாரு, தட்டிப் பார்த்தாரு, முழம் போட்டுப் பார்த்தாரு. மாமன் முறைக்குன்னு நாங்க கொண்டுபோன கிடாவைக்கூட அவ்வளவு ஆசையாப் பார்க்கல."

"அவரு பேரு என்ன? தொழில் என்ன?"

முரீதியின் அம்மா வியப்போடு நிமிர்ந்தார். "அந்த இடத்துல பேரும் தொழிலும் யாரும்மா கேக்கறா? இவரு மாப்பிள்ளையோட அப்பா, அவரு பொண்ணோட தாய்மாமன், அவ்வளவுதான் சொல்லுவாங்க. ஆளுக்கொரு போர்வையைப் போத்தி, தொப்பியை வெச்சு, வரிசையா உக்கார வெச்சா எல்லாப் பெரியவங்களும் ஒரே மாதிரிதான் இருக்காங்க."

"உங்க அடுப்புங்க மாதிரியே," என்றான் ஒகூமு.

முதேயு முதன்முறையாக அவன் சொன்னதற்குத் தலையசைத்தார். அது அவனைச் சற்றுக் கலவரப்படுத்தியது.

"அம்மா, மாமனோட போன் நம்பர் கிடைக்குமா? அப்புறம், நீங்க எங்ககூட இப்பவே பட்டறைக்கு வரணும்." எழுந்த முதேயு, ஒரு கணம் யோசித்து, "அந்த ஸ்டூலையும் எடுத்துக்கங்க," என்றார்.

*

மணி நான்காக இன்னும் சிறிது நேரமே இருந்தது. கீழே நாற்காலிகள் இழுபடும் ஓசை கேட்டது. கரூகா கோட்டணிந்து, வேண்டிய அளவு கோபத்தையும் அணிந்து தயாராயிருந்தார். சுவரோரம் கெருபோ கைகளைக் கட்டி நின்றாள்.

"நிரூபிச்சாச்சா?" என்றார் கரூகா.

"ஒரு சந்தேகம்," என்றபடி முதேயு ஷிக்காவைத் தரையில் வைத்தார். "இந்தத் தகடு எதுக்கு சார்?"

"காத்துத் தடுப்பு. சின்னக் குழந்தைகூடச் சொல்லும்."

"அப்படியா." முதேயு வாசலைப் பார்த்தார். "அம்மா, வாங்க."

முரீதியின் அம்மா ஸ்டூலை அடுப்பருகே போட்டு உட்கார்ந்தார். முதேயு கொடுத்த துடுப்பை வாங்கிக்கொண்டு, காலிப் பாத்திரத்தில் இரண்டு சுற்றுக் கிண்டினார். யாரும் சொல்லாமலே அவருடைய வலது கால் செருப்பை உதறிவிட்டு, வீட்டுக்கு வந்ததுபோல, நேராகத் தகட்டின்மேல் போய் அமர்ந்தது. குதிகாலிலிருந்து பெருவிரல்வரை மயிரிழை பிசகவில்லை.

கரூகா அந்தக் காலைப் பார்த்தார். மணவாழ்க்கையில் அவ்வளவு கவனமாக அவர் அதைப் பார்த்ததில்லை.

"உன் கால் எப்படி அவன் அடுப்புல..."

"என் கால் எங்கயும் போகல," என்றார் மனைவி. "நீங்கதான் தூக்கிக் கொடுத்தீங்க."

"சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தேன். அது கதோகோகிட்ட எப்படிப் போகும்?"

முதேயு பதில் சொல்லாமல் ஓர் எண்ணை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி கைப்பேசியை மேசைமேல் வைத்தார். இரண்டாம் மணியிலேயே ஒரு தடித்த குரல் எடுத்தது.

"வணக்கம். முரீதிக்குப் பார்த்திருக்கற பொண்ணோட தாய்மாமன்தானே பேசறீங்க?"

"ஆமா."

"மன்னிக்கணும், உங்க பேரு?"

"கதோகோ," என்றது குரல். "டூமா அடுப்பு. நீங்க யாரு?"

கரூகா மேசையை நோக்கிப் பாய்ந்தார். "திருட்டுப் பயலே, சம்பந்தி வேஷத்துல வந்து..."

"ஓ, சம்பந்தியா?" குரல் குளிர்ந்தது. "நல்லா இருக்கீங்களா? வேஷம் என்ன வேஷம்? நான்தான் உங்ககிட்டக் கேட்டேனே."

"என்ன கேட்டே?"

"இந்த மாதிரி நாங்களும் செஞ்சுக்கலாமான்னு. நீங்க ஆட்டு விலா எலும்பைக் கையில பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னீங்க? இன்னையிலேர்ந்து ரெண்டு வீடும் ஒண்ணு, எங்களுது எல்லாம் உங்களுதுன்னீங்க. மைக்லதான் சொன்னீங்க. ஜனங்க கை தட்டினாங்க."

"அது சபையில பேசற பேச்சுய்யா."

"சபைக்கு நடுவுல சொன்னதைவிட உறுதியா வேற என்ன இருக்கு?"

"நான் யாருன்னு தெரியாமலா கேட்டே?"

"தெரியாம இருக்குமா? போட்டிக்காரராச்சேன்னுதான் மரியாதையாக் கேட்டேன்."

ஒகூமு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்குவதை முதேயு பார்த்தும் பாராமல் இருந்தார். இனிக் கரூகா எவர்மேலும் வழக்குப் போட முடியாது. சாட்சி சொல்ல வரக்கூடிய இருவீட்டார் அனைவரும் அன்று கை தட்டியவர்கள்.

சுவரோரமிருந்து கெருபோ முன்னால் வந்தாள். "சார், ஒண்ணு கேக்கலாமா? அடுப்புல அந்த வலப்பக்கத்துத் தகடு எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"நீ யாரும்மா?"

"அதைச் செஞ்சவ."

"அப்ப நீயே சொல்லும்மா. என் ஆளுங்க ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எடுத்துட்டா ஏதாவது கெட்டுப்போயிருமோன்னு பயந்து விட்டு வெச்சிருக்கோம்."

"இருக்கட்டும். கொக்கியில உகாலி காய்ஞ்சு ஒட்டுது, தேய்க்க முடியலன்னு அடுப்பைத் திருப்பிக் கொண்டு வராங்களா?"

"நேத்துலேர்ந்து வராங்க. உனக்கு எப்படித் தெரியும்?"

"முரீதியோட அம்மா அப்பவே சொன்னாங்க. நீங்க பார்த்துச் செஞ்சது முதல் அடுப்பு. இப்ப உள்ளதுல கொக்கியைக் கழட்டிக் கழுவலாம்."

"அம்மாடி," என்றது குரல், வியாபாரத்தை முற்றிலும் மறந்த ஆசையோடு, "நீ என்கிட்ட வந்துடு. நாளைக்கே வந்துடு. அங்க என்ன கொடுக்கறாங்களோ அதுக்கு மேல..."

கரூகா கைப்பேசியைப் பிடுங்கி அணைத்தார். அது முதேயுவினுடையது என்பது அணைத்த பிறகே அவருக்கு நினைவு வந்தது, திருப்பிக் கொடுத்தார்.

கீழேயிருந்து ஒருவன் எட்டிப் பார்த்து, எல்லாரும் வந்தாயிற்று என்றான்.

"சரி கெருபோ," என்றார் கரூகா. "போனது போகட்டும். நீ போய் வேலையைப் பாரு."

"போனது என் பேரு சார்," என்றாள் அவள். "கீழ உக்காந்திருக்கற அத்தனை பேரும், நான் வித்துட்டேன்னு கேள்விப்பட்டுத்தான் வந்திருக்காங்க. அவங்ககிட்ட நீங்க சொல்லணும். இப்ப. இல்லன்னா அவரு நம்பர் மேடம்கிட்ட இருக்கு."

கரூகா முதேயுவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "கொஞ்சம் மென்மையா எப்படிச் சொல்றது?"

"விருந்தோம்பல்னு சொல்லலாம் சார்," என்றான் ஒகூமு.

மென்மையாகச் சொல்ல வழி அகப்படாமலே அவர் படியிறங்கினார். வாழ்நாள் முழுவதும் மைக்கைத் தேடிப் போன மனிதர், அன்று அது கொதிக்கும் பாத்திரமாக இருப்பதுபோல் விரல்நுனியால் பிடித்தார். ஹால் அடங்கியது.

"நம்ம அடுப்பை யாரும் திருடல," என்றார். "யாரும் விக்கவும் இல்ல. என் பையனோட சீர் விருந்துல, கையில எலும்பை வெச்சுக்கிட்டு, நானே தூக்கிக் கொடுத்தேன். டூமா முதலாளி கேட்டு, நான் சரின்னும் சொல்லியிருக்கேன். கெருபோமேல நான் சொன்னது பொய். அதை எல்லார் முன்னாடியும் திருப்பி வாங்கிக்கறேன்."

முதலில் எவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு முன்வரிசையில் ஒருவர் சிரித்தார்; அது வரிசை வரிசையாகப் பின்னால் பரவி, சுவரில் முட்டித் திரும்பி வந்தது. கரூகா தலை குனிந்து அதை முழுவதும் வாங்கிக்கொண்டார். அடங்கியதும், கிசுமுவிலிருந்து வந்திருந்த டீலர் கையைத் தூக்கினார்.

"அப்ப அவங்ககிட்ட இல்லாதது உங்ககிட்ட என்ன இருக்கு?"

எல்லார் கண்களும் வாசலில் நின்றவளிடம் போயின. கெருபோ மேடைக்கு வந்து, துலியாவின்மேல் மூடியிருந்த துணியை விலக்கினாள். ஒரு கொக்கியை இரண்டு விரலால் திருகி, கழற்றி, கிசுமுக்காரர் கையில் கொடுத்தாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் தந்தார். எவரும் விலை கேட்கவில்லை. எப்போது கிடைக்கும் என்றே கேட்டார்கள்.

கொக்கி கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசையை நோக்கிப் போனது. கரூகா மைக்கை வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். கூட்டத்தினூடே நடந்து, ஹாலின் கதவைச் சாத்தி, கொக்கி கெருபோவின் கைக்குத் திரும்பி வரும்வரை அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.